மூன்று விரல் முத்திரை

செக்கானூரணி வரப்போவுது, இறங்குற ஆள் முன்னால வா என்று கண்டக்டர் படியில் நின்று கத்தியபோதுதான் சுப்புக்காளை கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு போனைப் பார்த்தார். அப்போதும் அதே ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்தான் நின்றது. சைபர்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். தொட்டதில் படம் பெரிசாகி எங்கேயோ ஓடிப்போய், திரும்பக் கொண்டுவந்து மறுபடி எண்ணினால் அதே சைபர், அதே லட்சம். யாத்தே! ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் படுக்கும்போது முப்பத்தோராயிரம். ஏலத்தில் அதைக் கேட்டவரும் அவர்தான். உங்கள் விலையே முதலிடம் என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தான், அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு எவ்வளவு சுகமாகத் தூங்கினார். காலையில் எழுந்து குளித்து, உசிலம்பட்டியில் ஜன்னலோர சீட்டு கிடைத்து, மடியில் லைசென்ஸ் புத்தகம் வைத்த மஞ்சப்பையோடு, சீட்டெடுத்த ஐம்பதாயிரம் பேங்கில் தூங்குகிற தைரியத்தோடு, பதினோரு மணிக்கு ஏலம் முடியும், பதினொன்றரைக்கு அரப்பாளையத்தில் இறங்கி நேராகக் கடைக்குப் போய்த் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு ரசீதோடு ஸ்டீபன் சாரைப் பார்த்துவிட வேண்டியது என்று கணக்கெல்லாம் போட்டு, போனையே எடுக்காமல் வந்த மனுசன். ஒரு ஒத்தைக்குழல் துப்பாக்கிக்கு லட்சமா? இவர்கள் எல்லாம் சோறுதான் தின்கிறார்களா? அதுவும் எந்தத் துப்பாக்கிக்கு? அவருடைய சொந்தத் துப்பாக்கிக்கு! பதினாலாயிரத்துக்கு அவரே விற்ற துப்பாக்கிக்கு! பக்கத்து சீட்டில் வாழைத்தார்க் கம்போடு உட்கார்ந்திருந்தவர், என்னண்ணே, யாருக்கும் ஏதுமா என்று கேட்டார். ஒண்ணுமில்ல என்றார் சுப்புக்காளை. 

இந்தத் துப்பாக்கி இல்லையென்றால் வேலை இல்லை. இதில் சுற்றி வளைக்க ஒன்றும் கிடையாது. பேங்குகளுக்குப் பணம் ஏற்றிப்போகிற வேன் கம்பெனியில் சொந்தத் துப்பாக்கியோடு வருகிற ஆளுக்கு மாசம் இருபத்திரண்டாயிரம், வெறுங்கையோடு வருகிறவனுக்கு லத்தியும் பதினோராயிரமும். அதுவும் லத்திக்கு ஆள் நிறைந்துவிட்டது. சூப்பர்வைசர் ஸ்டீபன் சார் நல்ல மனுசன், பட்டாளத்துக்காரர் என்பதற்காக ஒரு மாசம் அந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். ஹவில்தார், நாளைக்கு ஒரு மணிக்குள்ள கடை ரசீதையாவது காட்டுங்க, இல்லன்னா மேலூர்க்காரன் ஒருத்தன் ரெட்டைக்குழலோட வந்து நிக்கிறான், நான் என்ன செய்ய என்று நேற்றே சொல்லிவிட்டார். லைசென்ஸ் புத்தகம் இருக்கிறது, ஆள் இருக்கிறார், ஐம்பத்தி நாலு வயசிலும் முதுகு வளையாமல் இருக்கிறார், புத்தகத்தில் துப்பாக்கி எழுதுகிற கட்டம் மட்டும் காலி. புதுசு வாங்கலாம் என்றால் பதிவு செய்து ஆறு மாசம் காத்திருக்க வேண்டும். பழசு வாங்கலாம் என்று கடைக்குப் போனால், கடைக்காரர் மகன் கோகுலன், இப்பல்லாம் கடையில வெல சொல்றதே இல்லண்ணே, எல்லாம் ஆன்லைன் ஏலம்தான், ஒங்க துப்பாக்கியே நம்மகிட்டதான் கெடக்கு, நீங்களும் கேளுங்க, ஒங்களவிட அதுக்கு யாரு வரப்போறா என்றான். போனில் அவனே எல்லாம் ஏற்றிக் கொடுத்தான். யாரு வரப்போறா என்று சொன்ன அந்த வாய். அந்த வாய்தான் மூன்று வருசத்துக்கு முன்னால், நகைக்கடைக் காவல் வேலை போய்த் துப்பாக்கியை விற்கப் போனபோது, இருபத்தி நாலு தரலாம்ணே, ஆனா இந்தத் துருவைப் பாருங்க, மூணு கோடு, இரும்பையே தின்னுருச்சு, யாரு வாங்குவா என்று சொல்லிப் பத்தாயிரத்தைக் குறைத்தது. குறைத்ததை வீட்டுக்கு வந்து அவர் பெண்டாட்டி பஞ்சவர்ணத்திடம் சொன்ன விதம் இருக்கிறதே. ஒன் சாமி கும்புடுற லட்சணத்துல பத்தாயிரம் போச்சுடி! அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். ஏலத்தைப் பார்ப்போம். ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம்.

என்னத்தைக் கண்டுவிட்டார்கள் இதில் என்று விவரத்தைத் திறந்தார். நேற்று இரண்டே வரி இருந்தது, பழைய ஒத்தைக்குழல், வேலை செய்யும் நிலை, அவ்வளவுதான். இன்றைக்கு ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். தென்பாண்டிச் சீமையின் சமஸ்தானம் ஒன்றின் மெய்க்காவல் படையில் இருந்த அபூர்வத் துப்பாக்கி. விசைக்கு மேலே இரும்பில் காணப்படும் மூன்று பட்டைகள் அந்த அரச குடும்பத்தின் முத்திரை, இத்தகைய முத்திரையுடன் இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றே. சுப்புக்காளைக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், வாழைத்தார்க்காரர் திரும்பிப் பார்த்தார். முத்திரையா? அடப் பாவிகளா, அது சந்தனம்டா! ஆயுத பூசைக்குப் பஞ்சவர்ணம் மூன்று விரலால் இழுத்த சந்தனப் பட்டை! பட்டாளத்தில் விஜயதசமிக்கு ஆயுதக் கிடங்கில் வரிசையாகத் துப்பாக்கிகளை நிறுத்திப் பொட்டு வைப்பார்கள், ஊருக்கு வந்தபிறகு அந்த வழக்கத்தை அவள் எடுத்துக்கொண்டாள். அரிவாள்மணை, கடப்பாறை, தையல் மெஷின், கடைசியில் துப்பாக்கி, அதற்கு மட்டும் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைப்பாள், நமக்குச் சோறு போடுறது இதுதானே என்பாள். சாயங்காலம் அதைத் துணியால் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பது அவருடைய வேலை. பட்டாளத்தில் அந்த வெள்ளைத் துணிக்குச் சிந்தி என்று பெயர். இருபத்திரண்டு வருசம் தினம் துடைத்த கை. மழையில் நனைந்த துப்பாக்கியைத் துடைக்காமல் வைத்த ஒரு பையனைச் சுபேதார், துப்பாக்கியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார், அவன் வாந்தி எடுக்கும்வரை ஓடினான், ஓடுகிறவனைப் பார்த்துச் சுப்புக்காளையும் சேர்ந்து சிரித்தார். ஆயுதம் துடைக்கத் தெரியாதவன் எல்லாம் ஒரு சிப்பாயா! அது எந்த வருசம், எந்த ஊர், குளிரா மழையா. மழைதான். அந்த ஆயுத பூசையும் மழைதான், பன்னிரண்டு நாள் விடாமல் பெய்தது. வேண்டாம். ஒரு லட்சத்து முப்பதாயிரம். சொன்ன நேரத்தில் முடியாதாம், கடைசி அஞ்சு நிமிசத்துக்குள் யாராவது விலை கேட்டால் கடிகாரம் இன்னும் அஞ்சு நிமிசம் தள்ளிப்போகுமாம். மணி பதினொன்றைத் தாண்டியும் அது செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது.

நாகமலைப் புதுக்கோட்டையில் பஸ் நின்று கூட்டம் ஏறுகிற நேரம், விரல் பட்டு அடுத்த படம் வந்தது. சுப்புக்காளை போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பழைய காலத்துப் பழுப்பு நிறத்தில், ஓரமெல்லாம் கரையான் அரித்த மாதிரி செய்து, நடுவில் அவர். அவரேதான்! தலையில் விசிறி வைத்த தலைப்பாகை, நெஞ்சில் சரிகைப் பட்டை, முறுக்கிய மீசை, கையில் துப்பாக்கி. கீழே எழுத்து: சமஸ்தானத்து மெய்க்காவலர் ஒருவர் இதே துப்பாக்கியுடன், சுமார் 1940.  செத்துப்போய் எண்பது வருசம் ஆன மனுசனாகத் தன்னையே பார்ப்பது என்றால் சும்மாவா. நகைக்கடையில் வேலை பார்த்தபோது எடுத்த படம் அது. முதலாளிக்கு வாசலில் ராஜா காலத்து ஆள் நிற்க வேண்டும், அதற்காகத் தைத்துக் கொடுத்த வேசம், வெயிலில் அந்தத் தலைப்பாகைக்குள் மண்டை அவிந்துபோகும், சின்னப் பிள்ளைகள் வந்து மீசையைத் தொட்டுப் பார்க்கும். ஒரு ஆயுத பூசைக்குப் பஞ்சவர்ணம் சந்தனக் கிண்ணத்தோடு கடைக்கே வந்திருந்தாள், கேஷியர்தான் ரெண்டு பேரையும் சேர்ந்து நிற்கச் சொல்லிப் படம் எடுத்துப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். அந்தப் படத்தைத் துப்பாக்கி உறையின் பைக்குள் வைத்தவர் எடுக்கவே இல்லை, உறையோடு விற்றுவிட்டார், அதைத் தேடி அவள் பீரோவையே கவிழ்த்தாள். அவள் எங்கே? படத்தை இழுத்து இழுத்துப் பார்த்தார். வெட்டிவிட்டார்கள். கல்யாணமாகி முப்பது வருசம் கூட நின்றவளை ஒரு கத்திரியால் நறுக்கிவிட்டார்கள். ஓரத்தில் கை மட்டும் மிச்சம், நாலு பிளாஸ்டிக் வளையல், துப்பாக்கி மேல் மூன்று விரல். அதற்குக் கீழே ஒருவன் எழுதியிருந்தான், அந்தக் காலத்து ஆண்கள் இப்படித்தான் இருந்தார்கள், கண்ணைப் பாருங்கள், என்ன விசுவாசம். இன்னொருவன், ஓரத்தில் தெரியும் கை ராணியுடையதாக இருக்கலாம். ராணி! இந்நேரம் ராணி நூறு நாள் வேலையில் கண்மாய்க்கரையில் மண் சுமந்துகொண்டிருப்பாள். ஒரு லட்சத்து அறுபத்தையாயிரம்.

கோபம் இப்போதுதான் வந்தது. காலையிலிருந்து அதிர்ச்சி அதிர்ச்சியாக விழுந்ததில் கோபப்படவே மறந்திருந்தார். போனை முகத்துக்கு நேரே நீட்டிப் படம் எடுத்தார், பஸ் குலுங்கியதில் பாதி முகம் போய்விட்டது, மறுபடி எடுத்தார், மீசையை ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டு மூன்றாம் தரம் எடுத்தார். கேள்வி கேட்கிற பெட்டியில் அதைப் போட்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். படத்தில் இருப்பது நான். சுப்புக்காளை, முன்னாள் ஹவில்தார். உயிரோடு இருக்கிறேன். அது நகைக்கடை. அனுப்பிவிட்டு மூச்சை விட்டார். இனிமேல் ஒரு பயல் கேட்க மாட்டான், பொய் உடைந்தது, ஐம்பதுக்கு வராவிட்டாலும் மறு ஏலம் போட்டுத்தானே ஆக வேண்டும், கோகுலன் வந்து காலில் விழட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பதில்கள் வர ஆரம்பித்தன. ஐயா நீங்கள் அந்த மெய்க்காவலரின் பேரனா? மீசை அப்படியே உரித்து வைத்திருக்கிறது! ஒருவன் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூக்குக்கும் மூக்குக்கும் கோடு போட்டிருந்தான். வாரிசே வந்து கேட்கிறார் என்றால் துப்பாக்கி அசல்தான், இனி சந்தேகமே இல்லை என்று ஒருவன் தீர்ப்பே எழுதிவிட்டான். இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். சுப்புக்காளை போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். வெளியில் ஒரு ஆள் டீ ஆற்றிக்கொண்டிருந்தான், ஒரு பெண் பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிட்டாள், எல்லாம் இருந்தபடி இருந்தது. உண்மையைச் சொன்னதற்கு நாற்பத்தையாயிரம் ஏறியிருக்கிறது. இது என்ன உலகமடா சாமி.

போன் அடித்தது, கோகுலன். எடுத்தவுடன் வைய வேண்டும் என்று வாயில் வார்த்தையை வைத்திருந்தார், அவன் விட்டால்தானே. அண்ணே, மொத வரியப் பாத்ததும் பதறிட்டேன்ணே, எங்கடா பொழப்புல மண்ணைப் போட்டீங்களோன்னு, ஆனா நீங்க சொன்னதே நல்லதாப் போச்சு, கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் விடவே மாட்டேங்கிறாரு, மில் ஓனரு, பன்னண்டு மணிக்குக் கடைக்கு நேர்லயே வர்றாரு. அதுக்கு நான் என்னடா செய்ய? ஒண்ணும் செய்ய வேணாம்ணே, வந்து சும்மா நில்லுங்க, தாத்தா துப்பாக்கின்னு ஒரு வார்த்தை, அந்தப் பட்டையைத் தொட்டுக் கும்புடுற மாதிரி ஒரு கும்புடு. போட்டோவைப் போட்டு ஏமாத்துறியே, வெக்கமா இல்லையா என்றார் சுப்புக்காளை. அண்ணே, அவருக்கு ஆசை, அவர்கிட்ட காசு, நமக்கு என்ன, உள்ள இன்னொரு ஒத்தைக்குழல் இருக்கு, துரு கெடையாது, ஒங்க பேர்ல ரசீது போட்டு வச்சிருக்கேன், வந்ததும் புத்தகத்துல ஏத்திடலாம், பைசா வேணாம், எடுத்துட்டு நேரா ஸ்டீபன் சார்கிட்ட போங்க. பஸ்ஸுக்குள் திடீரென்று சத்தம் அடங்கிய மாதிரி இருந்தது. ரசீது. புத்தகத்தில் காலியாக இருக்கிற கட்டம். இருபத்திரண்டாயிரம். ஒரு வார்த்தை, ஒரு கும்பிடு. ஐம்பதாயிரம் சீட்டுப் பணம் அப்படியே மிச்சம். சொல்றேன் என்றார். என்னது, முடியாது என்று சொல்ல வேண்டியவன் சொல்றேன் என்கிறோமே என்று அவருக்கே திக்கென்றது. இந்த வாய்க்கு இது புதுசா என்ன? துடைச்சாச்சா என்று பஞ்சவர்ணம் கேட்டபோது துடைச்சாச்சு துடைச்சாச்சு என்று சொன்ன வாய்தானே. வேண்டாம் வேண்டாம் என்று தள்ளியதைச் சொல்லியே விட்டது! மனசு கடைசியில் அங்கேயே வந்து நின்றுவிட்டது. ஆமாம், துடைக்கவில்லை. ரெண்டு நாள் தொடர்ந்து ராத்திரி டியூட்டி, உடம்பு அசதி, நாளைக்குத் துடைப்போம் என்று ஈரச் சந்தனத்தோடு உறையில் போட்டு பீரோ மேலே ஏற்றிவிட்டார், மழையோடு மழையாகக் கடையும் மூடிக் கிடந்ததில் நாளைக்கு என்பது பன்னிரண்டு நாள் ஆனது. எடுத்துப் பார்த்தால் மூன்று கோடு துரு. துடைக்காத சிப்பாய் நான்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஒன் சந்தனத்தால வந்த வினை என்று எழுந்தது. அதிலிருந்து ரெண்டு ஆயுத பூசை போய்விட்டது, நாளைக்கழித்து மூன்றாவது, அந்த வீட்டில் ஒரு சாமானுக்கும் பொட்டு இல்லை.

காளவாசல் சிக்னலில் பஸ் நிற்கும்போது அவளே கூப்பிட்டாள். கெடச்சிருச்சா? மண்வெட்டிச் சத்தம் பின்னால் கேட்டது. எல்லாவற்றையும் கொட்டினார், லட்சத்தை, ராஜாவை, மில் ஓனரை, பேரனை. ஏங்க, ரெண்டு லட்சமா என்று அவள் போட்ட சத்தம் பக்கத்து சீட்டுக்கே கேட்டது. அந்தத் துருவுக்கா? அந்தத் துருவுக்குத்தான்.  அப்ப நான் வச்ச கோடு அம்புட்டு மோசமில்லபோல என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. ஏ பஞ்சவர்ணம் என்றார். என்னங்க. அன்னைக்கு நான் தொடைக்கல. தொடைச்சேன்னு சொன்னது பொய்யி. சொல்லிவிட்டு, அவள் வைவாள், போனை வைப்பாள், மண்வெட்டியைத் தூக்கி எறிவாள் என்று போனைக் காதோடு இறுக்கிக்கொண்டு காத்திருந்தார். தெரியும் என்றாள் அவள். என்ன தெரியும்? நீங்க தொடைக்கலன்னு தெரியும், வெள்ளைத் துணியைத் தொவச்சு மடிச்சு எண்ணெய்ப் பாட்டிலுக்குப் பக்கத்துல வச்சிருந்தேன்ல, மறுநா காலைல பாத்தா மடிச்சது மடிச்சபடி இருந்துச்சு.   மூன்று வருசம். பத்தாயிரம் பத்தாயிரம் என்று சொந்தக்காரர்கள் முன்னால் எத்தனை தடவை சொல்லிக் காட்டியிருப்பார், எத்தனை தடவை அவள் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் போட்டிருப்பாள். தெரிஞ்சும் ஏன்டி சொல்லல? நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன் என்றாள். அப்புறம், மேஸ்திரி கூப்புடுறாரு, பட்டாளத்துக்காரருக்கு எது சரின்னு படுதோ செய்யுங்க, சோத்துக்கு வழி இல்லாமலா போயிரும் என்று வைத்துவிட்டாள்.

ஏலத்தில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம், மூன்று நிமிசம் மிச்சம் இருந்தது.  கேள்விப் பெட்டியைத் திறந்து அடித்தார். இது ராஜா முத்திரை இல்லை. என் மனைவி பஞ்சவர்ணம் ஆயுத பூசைக்கு வைத்த சந்தனம். அந்தக் கை அவள் கை. துடைக்காமல் விட்டுத் துரு ஏற்றியவன் நான். இந்தத் துப்பாக்கிக்கு இருபத்தி நாலாயிரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். அனுப்பினார். இந்தத் தடவை கடிகாரம் தள்ளிப்போகவில்லை. ரெண்டு நிமிசம், ஒண்ணே முக்கால், யாரும் கேட்கவில்லை, யாரும் எழுதவில்லை. சட்டென்று பக்கம் வெள்ளையாகி, நடுவில் இரண்டு வரி வந்தது. இந்த ஏலத்தில் பங்கேற்க உங்களுக்கு அனுமதி இல்லை. மறுபடி தட்டினார், அதே வரி. அவர் முகத்தைப் போட்டு நடக்கிற ஏலத்தை அவரே இனிப் பார்க்க முடியாது, அது எத்தனைக்குப் போயிற்று என்று இந்த ஜென்மத்தில் தெரியப்போவதுமில்லை. கோகுலன் விடாமல் அடித்தான், எடுக்கவில்லை. ஸ்டீபன் சாரைக் கூப்பிட்டு, துப்பாக்கி அமையல சார், மேலூர்க்காரரையே எடுத்துக்குங்க என்றார். என்ன ஹவில்தார், இம்புட்டு நாள் காத்திருந்தமே என்று அவர் நொந்துகொண்டார். நொந்துகொள்ளத்தானே செய்வார். மஞ்சப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அரப்பாளையத்தில் இறங்கினார். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆயுத பூசைக்காகப் பஸ் ஸ்டாண்டு வாசல் முழுக்கப் பொரியும் வெள்ளைப் பூசணியும் குவித்திருந்தார்கள். ஒரு அம்மாவிடம் சந்தன வில்லை நாலு வாங்கினார். வண்டி துடைக்கிற வெள்ளைத் துணியும் அவளிடமே தொங்கியது, அதில் ஒன்று எடுக்கச் சொன்னார். அவள் உருவி, உதறி, நாலாக மடிக்கப் போனாள். மடிக்க வேணாம்மா என்றார் சுப்புக்காளை, அப்படியே குடு.